இழுத்து உருவாக்கல்: நாரும் வெப்பமிளக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகும் முறை



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பல்பகுதியங்கள் பற்றி வினா வந்தால் எங்கள் பிள்ளைகளில் அநேகர் இரண்டு வரிகளுடன் நிறுத்தி விடுகிறார்கள். “வெப்பமிளக்கும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் இளகும். வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக் இளகாது.” விடை பிழையன்று, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய தொழிற்சாலையே இருக்கிறது என்பது நாம் மனனம் செய்யும் குறிப்புகளில் இல்லை. இந்தப் பாடத்தில் அதனை நோக்குவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இதனை எழுதுபவர் கலைப்பட்டதாரி. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியருக்குப் பஞ்சம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலை வகுப்பில் வரலாறும் தமிழும் படிப்பித்த நான், பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்காகவே விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தேன். எனவே எனக்கு விளங்கிய வழியிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

குடைக்கம்பியில் தொடங்கிய பாடம்

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹற்றனில் குடை பிடித்து நடந்தவர்களுக்குத் தெரியும், காற்று ஒரே அடியில் குடையைப் பூப்போல மேல்நோக்கி விரித்து விடும். ஒருநாள் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி இரண்டு குடைகளை மேசையில் வைத்தாள். ஒன்றின் உருக்குக் கம்பி மடிந்து போயிருந்தது. மற்றதன் கம்பி கறுப்பாக, ஈர்க்குப் போல மெல்லியதாக இருந்தது. “சேர், இது எவ்வளவு வளைச்சாலும் திரும்ப நிமிருது. இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. இது என்ன சேர்?” என்று கேட்டாள்.

அது கண்ணாடி நார் வலுவூட்டிய பிளாஸ்டிக். நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் கூடாரம் அடிக்கும்போது வில்லாக வளைத்துச் செருகும் மெல்லிய தடிகளிலும் பல இதே வகையைச் சேர்ந்தவை. வீதியோரத் தூண்களில் தொங்கும் ஒளியியல் நார்க் கேபிள்கள் பலவற்றை வெட்டிப் பார்த்தால் (வெட்டிப் பார்க்க வேண்டாம், அது குற்றம்) இழுவையைத் தாங்குவதற்காக இவ்வாறான தடியொன்று நடுவில் ஓடும். இவை எல்லாவற்றையும் செய்யும் முறைக்குப் புல்ட்ரூஷன் என்று பெயர். தமிழில் இழுத்து உருவாக்கல் எனலாம்.

கூட்டுப்பொருள் எனப்படுவது யாது?

இயல்பில் வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள், தம் தனித்தன்மையை இழக்காமல், ஒன்றாகச் சேர்ந்து புதிய பயனைத் தருமாயின் அது கூட்டுப்பொருள் எனப்படும். கலப்புலோகத்திலிருந்து இது வேறுபடுவதைக் கவனிக்கவும். பித்தளையில் செம்பையும் நாகத்தையும் கண்ணால் பிரித்துக் காண முடியாது. கூட்டுப்பொருளை உடைத்துப் பார்த்தால் நார் வேறு, அதனைப் பிடித்திருக்கும் பொருள் வேறு என்று காணலாம். பிடித்திருக்கும் பொருளை இங்கு பிணைபொருள் என அழைப்போம்.

நமது முன்னோர் மூங்கில் வரிச்சுக் கட்டி அதன்மேல் களிமண் அப்பிய சுவர் ஒரு கூட்டுப்பொருள். வைக்கோல் சேர்த்துப் பிசைந்த மண்கல்லும் அப்படியே. அம்பேவெலப் பண்ணைப் பக்கம் போனால் மேட்டில் சுழலும் காற்றாலைகளின் நீண்ட அலகுகள் கண்ணாடி நாரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தவை. கூரைக்கு இடும் அஸ்பெஸ்டஸ் தகடும் ஒரு கூட்டுப்பொருளே. அதில் சீமெந்து பிணைபொருள், அஸ்பெஸ்டஸ் என்பது நார். இந்தக் கடைசி உதாரணத்துக்குப் பின்னர் வருவோம். அது சுலபமான உதாரணம் அல்ல.

நார் சுமையைத் தாங்குகிறது. பிணைபொருள் நார்களைத் தத்தம் இடத்தில் நிறுத்தி, ஒரு நாரின் சுமையை அடுத்த நாருக்குக் கடத்தி, ஈரத்திலிருந்தும் உராய்விலிருந்தும் காக்கிறது. ஒரு கட்டு ஈர்க்கை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அறுக்க முடியாது. அதே கட்டை நிலத்தில் குத்தி அமுக்கினால் ஒவ்வோர் ஈர்க்கும் ஒவ்வொரு பக்கம் வளைந்து ஓடும். அந்தக் கட்டு முழுவதையும் பசையில் தோய்த்து இறுக வைத்தால் அது ஒரே தடியாகி விடும். பசை பலமான பொருளா என்றால் இல்லை. அது சேர்ந்து நிற்கச் செய்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஐயம் எழ வேண்டும். கண்ணாடி எளிதில் உடையும் பொருளாயிற்றே, அதன் நார் எப்படிப் பலம் தரும்? இதே ஐயத்தை ஆராய்ந்தவர் கிரிபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வெடிப்புகளால் என்றும், நார் மெலிய மெலிய அதில் பெரிய வெடிப்பு இருக்க இடமில்லாமற் போவதால் பலம் கூடுகிறது என்றும் 1920ஆம் ஆண்டளவில் அவர் காட்டினார். தொழிற்சாலையில் பயன்படும் கண்ணாடி நாரின் விட்டம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரையாகும். உங்கள் தலைமயிரின் தடிப்பில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

தள்ளுவதா, இழுப்பதா?

அம்மா இடியப்பம் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாவை உரலுக்குள் இட்டு மேலிருந்து அமுக்க, துளை வழியே இழையாக வெளியே வரும். குழாய்களும் பிளாஸ்டிக் பட்டிகளும் இப்படித் தள்ளியே செய்யப்படுகின்றன. இதற்கு எக்ஸ்ட்ரூஷன் என்று பெயர். ஆனால் நீளமான நாரைத் தள்ள முடியுமா? நூலை ஊசிக் காதில் தள்ளிப் பாருங்கள், முனை மடிந்து விடும். நுனியைப் பிடித்து இழுத்தால் எவ்வளவு நீளமும் வரும். பொற்கொல்லர் தங்கக் கம்பியை மெலிதாக்கும்போது துளையுள்ள உருக்குத் தகட்டின் மறுபக்கத்திலிருந்து இழுப்பதும் இதுபோலத்தான். தள்ளலுக்குப் பதிலாக இழுத்தல் என்பதாலேயே, ஆங்கிலத்தில் இழு என்னும் சொல்லையும் எக்ஸ்ட்ரூஷன் என்னும் சொல்லின் பின்பாதியையும் ஒட்டிப் புல்ட்ரூஷன் என்று பெயரிட்டார்கள்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இம்முறையை வளர்த்தெடுத்தவர்களுள் பிராண்ட் கோல்ட்ஸ்வேர்த்தி முக்கியமானவர். தூண்டில் தடி போன்ற நீண்ட, நேரான, எங்கு வெட்டினாலும் ஒரே குறுக்குவெட்டுள்ள பொருள்களே இதற்கு ஏற்றவை. “ஒரே குறுக்குவெட்டு” என்ற சொற்களைக் கோடிட்டு வையுங்கள். கிண்ணமோ கதிரையோ இம்முறையில் செய்ய முடியாது.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். ஒரு முனையில் நூற்பந்துகள் போல நார்க்கற்றைச் சுருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான கற்றைகள் வழிகாட்டித் துளைகள் ஊடாக ஒழுங்காக்கப்பட்டு, திரவ ரெசின் நிறைந்த தொட்டியில் தோய்ந்து, சூடான உருக்கு அச்சினுள் நுழைகின்றன. அச்சினுள் ரெசின் இறுகித் திண்மமாகிறது. வெளியே வரும் தடியை இரண்டு பற்றிகள் மாறி மாறிப் பிடித்து இழுக்கின்றன. கயிறிழுத்தல் போட்டியில் கை மாற்றி மாற்றி இழுப்பீர்களே, அவ்வாறே. ஒரு பற்றி விடும்போது மற்றது பிடித்திருக்கும், ஆகவே இழுவை ஒருகணமும் நிற்பதில்லை. கடைசியில் ஒரு வாள், தடியோடு கூடவே நகர்ந்தபடி வேண்டிய நீளத்தில் வெட்டுகிறது. நாரும் ரெசினும் தீரும்வரை தடி வந்து கொண்டே இருக்கும்.

பரீட்சையில் படம் தந்து பகுதிகளைப் பெயரிடச் சொன்னால் பலர் இழுக்கும் பற்றியை அச்சுக்கு முன்னால் குறிக்கிறார்கள். திண்மமாகாத ஈரக் கற்றையைப் பிடித்தால் கை வழுக்கும். பற்றி எப்போதும் அச்சுக்குப் பின்னாலேயே வரும்.

முட்டையும் கருப்பட்டியும்

மேலே சொன்ன முறையில் பயன்படும் ரெசின் பெரும்பாலும் நிரம்பாத பொலியெஸ்டர் அல்லது எபொக்சி போன்ற வெப்பமிறுக்கும் வகை. முட்டையை அவித்தால் இறுகும். மீண்டும் எவ்வளவு சூடாக்கினாலும் வெண்கருவும் மஞ்சட்கருவும் திரவமாகத் திரும்பா. வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக்கில் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி முப்பரிமாண வலையாகி விடுவதே காரணம். பழைய மின்சுவிச்சுகளில் கண்ட பேக்லைற்றும் இவ்வகையே. பேக்லண்ட் என்பவர் அதனை 1907இல் உருவாக்கினார்.

கருப்பட்டி அப்படியன்று. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். பொலித்தீன், பொலிபுரொப்பிலீன், நைலோன் ஆகியன இவ்வகையின. சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றனவே தவிரக் கட்டுண்டு கிடக்கவில்லை. சூடு அவற்றை நழுவச் செய்கிறது. சீனிப் பொதி, உரப் பை, தண்ணீர் வாளி, கயிறு என நம் வீட்டில் காணும் பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 பாகை செல்சியஸில் உருகும். நைலோன் 6 சுமார் 220 பாகையில் உருகும்.

பிணைபொருளாக வெப்பமிளக்கும் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினால் என்ன இலாபம்? தடியை மீண்டும் சூடாக்கி வளைக்கலாம். இரண்டு தடிகளை உருக்கி ஒட்டலாம். அடிபட்டால் சில்லுச் சில்லாக வெடிக்காமல் தாங்கும். பயன்பாடு முடிந்ததும் உருக்கி வேறொன்றாக்கலாம். பொலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியின் காரமான மணமும் தொழிலாளியின் மூக்கில் ஏறாது. கொங்கிறீற்றுக்கு இடும் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். வெப்பமிறுக்கும் ரெசினால் செய்த நார்க்கம்பியை வேலைத்தலத்தில் வளைக்க முடியாது, தொழிற்சாலையிலேயே வளைத்துக் கொண்டு வரவேண்டும். வெப்பமிளக்கும் வகையைச் சூடுகாட்டி வளைக்கலாம்.

இவ்வளவு நன்மை இருந்தும் புல்ட்ரூஷன் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இன்றும் வெப்பமிறுக்கும் ரெசினையே பயன்படுத்துகின்றன. ஏன்? இந்தப் பாடத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் உள்ளது.

பாகு நுழையாத இடம்

மார்கழிக் குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டையைத் தண்ணீர் வாளியில் போட்டால் சில விநாடிகளில் நனைந்து விடும். அதே சட்டையைக் கித்துள் பாணிக்குள் போட்டால்? மேலே மட்டும் அப்பிக் கொள்ளும். உள்ளே நூலுக்கும் நூலுக்கும் இடையே காற்றே நிற்கும். திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடையைப் பாகுநிலை என்கிறோம். உருகிய பிளாஸ்டிக்கின் பாகுநிலை, திரவ ரெசினினதைப் போலப் பல நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்கு. மெல்லிய ஆயிரக்கணக்கான நார்கள் நெருங்கிக் கிடக்கும் கற்றைக்குள் அது நுழைய வேண்டும். நுழையாத இடத்தில் வெற்றிடம் மிஞ்சும். வெற்றிடம் உள்ள இடத்தில் நாருக்கு நார் சுமை கடத்தப்படாது. தடி அங்கேயே உடையும்.

பாகு நார்க்கற்றையை முழுவதும் நனைக்க எடுக்கும் காலத்தை இவ்வாறு எழுதலாம்:

காலம் ∝ பாகுநிலை × (நுழைய வேண்டிய தூரம்)² ÷ அமுக்கம்

சூத்திரம் என்றதும் பயப்பட வேண்டாம். கித்துள் பாணியை நினைத்துக் கொண்டே வாசியுங்கள். தடித்த பாகானால் காலம் கூடும். அழுத்தித் தள்ளினால் காலம் குறையும். இவ்விரண்டும் யாருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது தூரத்தின்மேல் உள்ள அந்தச் சிறிய 2. தூரத்தைப் பாதியாக்கினால் காலம் கால்வாசியாகும். பத்தில் ஒன்றாக்கினால் காலம் நூறில் ஒன்றாகும்.

ஓர் எளிய கணிப்பு. ரெசினை விட நமது பிளாஸ்டிக் பாகு 1000 மடங்கு தடிப்பு எனக் கொள்வோம். வேறெதையும் மாற்றாவிட்டால் 1 நிமிடத்தில் நனைய வேண்டிய கற்றை 1000 நிமிடம் எடுக்கும், அதாவது 16 மணித்தியாலத்துக்கும் மேல். இப்போது பாகு நுழைய வேண்டிய தூரத்தை 1 மில்லிமீற்றரிலிருந்து 0.1 மில்லிமீற்றராகக் குறைக்கிறோம். காலம் 100 மடங்கு குறைந்து 10 நிமிடமாகிறது. அமுக்கத்தைப் பத்து மடங்காக்கினால் மீண்டும் 1 நிமிடம். ஆயிரம் மடங்குத் தடையை இப்படி இரண்டு படியில் கடந்து விட்டோம்.

சரி, தூரத்தைக் குறைப்பது எப்படி? பிளாஸ்டிக்கை வெளியிலிருந்து நுழைப்பதற்குப் பதிலாக, உருகும் முன்பே நார்களுக்கிடையில் கொண்டுபோய் வைத்து விடுவதே தந்திரம். கண்ணாடி நாரையும் பொலிபுரொப்பிலீன் இழையையும் தலைமயிரில் இரண்டு நிறம் கலந்தது போல ஒரே நூலாகச் சேர்த்து விடுகிறார்கள். இது கலப்பிழை நூல். அச்சுக்குள் சூடு பட்டதும் பிளாஸ்டிக் இழை இருந்த இடத்திலேயே உருகிப் பக்கத்து நாரைப் பற்றிக் கொள்கிறது. பயணம் செய்ய வேண்டிய தூரம் நார்களின் விட்ட அளவுக்குக் குறைந்து விடுகிறது. எனக்குப் பிடித்த முறை இதுவே. வேறு சிலர் பிளாஸ்டிக்கைத் தூளாக்கி நார்களின் இடையில் தூவுகிறார்கள். இன்னும் சிலர் முன்கூட்டியே பாகு ஏற்றிய மெல்லிய நாடாக்களை அடுக்கி இழுக்கிறார்கள்.

முற்றிலும் வேறான வழியும் உண்டு. பல்பகுதியத்தை விட்டு ஒருபகுதியத்தையே நாருக்குள் ஊற்றி, அச்சுக்குள் வைத்துப் பல்பகுதியமாக்குவது. நைலோன் 6இன் ஒருபகுதியமான கப்ரோலாக்டம் சுமார் 70 பாகையில் உருகித் தண்ணீர் போல ஓடும். ஊக்கி சேர்த்து மேலும் சூடாக்கினால் சில நிமிடங்களில் நைலோனாகி விடும். வகுப்பில் படித்த ஒருபகுதியம், பல்பகுதியம் என்ற இரு சொற்களுக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் இந்தத் தாக்கத்துக்கு ஈரப்பதன் பகை. மூடுபனியில் துவைத்த உடுப்பு நான்கு நாளாகியும் காயாத நமது ஊரில் இதனைச் செய்பவர் முதலில் அறையை உலர்த்தப் படாத பாடு பட வேண்டும்.

சூடான அச்சும் குளிரான அச்சும்

வெப்பமிளக்கும் வகைக்கான இயந்திரத்தில் மேலதிகமாக இரண்டு பகுதிகள் உண்டு. கற்றை அச்சை அடையும் முன்னரே முற்சூடாக்கும் அடுப்பினூடாகச் செல்கிறது. அடுத்து வரும் சூடான அச்சின் வாய் அகலமாகவும் முடிவு ஒடுக்கமாகவும் இருக்கும், கிட்டத்தட்டப் புனல் போல. கற்றை ஒடுங்க ஒடுங்க உள்ளே அமுக்கம் உயர்ந்து, மேலே சூத்திரத்தில் நாம் தேடிய அமுக்கம் கிடைக்கிறது. மிகுதிப் பாகு பின்னோக்கி வழிகிறது.

அதன்பின் குளிரான அச்சு. வெப்பமிறுக்கும் தடி சூட்டால் இறுகி வெளியே வருகிறது. வெப்பமிளக்கும் தடியோ குளிரால்தான் இறுக வேண்டும். இந்த நேரெதிர்த் தன்மையை வினாவாகக் கேட்கலாம், நினைவில் வையுங்கள். முழுவதும் இறுகும் முன் வெளியே இழுத்தால், அமுக்கி வைத்த நார்கள் பஞ்சு போல மீண்டும் விரிந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். வேகமாக இழுத்தால் நனையவும் ஆறவும் நேரம் போதாது. மெதுவாக இழுத்தால் உற்பத்தி குறையும். எந்த வேகம் சரி என்பதைக் கண்டுபிடிப்பதே அங்கு வேலை செய்யும் தொழினுட்பவியலாளரின் திறமை.

உருக்கை விடப் பலமா?

“நார் வலுவூட்டிய பிளாஸ்டிக் உருக்கை விடப் பலமானது” என்று விடைத்தாளில் எழுதுவது வழக்கமாகி விட்டது. கணித்துப் பார்த்து விட்டு எழுதுவோம்.

வளையாது நிற்கும் விறைப்பை யங்கின் மட்டால் அளக்கிறோம். கண்ணாடி நாருக்கு அது ஏறத்தாழ 72 கிகாபஸ்கால், பொலிபுரொப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.5, உருக்குக்கு 200. கனவளவில் பாதி நாரும் பாதி பிளாஸ்டிக்கும் உள்ள தடியின் நீளப் பக்க விறைப்பு:

(0.5 × 72) + (0.5 × 1.5) = 36.75 கிகாபஸ்கால்

அடர்த்தியையும் அவ்வாறே காண்போம். ஒரு கன சென்ரிமீற்றருக்குக் கண்ணாடி 2.5 கிராம், பொலிபுரொப்பிலீன் 0.9 கிராம். ஆகவே தடி 1.7 கிராம். உருக்கு 7.8 கிராம். விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் நமது தடிக்கு ஏறத்தாழ 21.6, உருக்குக்கு 25.6. விறைப்பில் எடைக்கு எடை பார்த்தாலும் உருக்கே சற்று முன்னால் நிற்கிறது! ஆனால் உடையும் வரை தாங்கும் இழுவிசையில், எடைக்கு எடை, நார்த்தடி உருக்கை வென்று விடும். குடைக்கம்பி காற்றில் வளைந்து மறுபடி நிமிர்ந்ததன் இரகசியமும் இதுவே. விறைப்புக் குறைவு, ஆதலால் வளைகிறது. பலம் அதிகம், ஆதலால் உடைவதில்லை. “விறைப்பு”, “பலம்” என்ற இரண்டையும் குழப்பாமல் எழுதுபவருக்கே புள்ளி. கண்ணாடிக்குப் பதிலாகக் காபன் நாரை இட்டால் விறைப்பிலும் உருக்கு தோற்கும், விலையோ பல மடங்கு ஏறும்.

இன்னொரு குறையும் உண்டு. நார் முழுவதும் நீளப் பக்கமாகவே ஓடுவதால் குறுக்கே பலம் குறைவு. விறகை நீள வாட்டில் கோடரியால் ஒரே போடில் பிளக்கலாம், குறுக்கே வெட்டத்தான் தோள் வலிக்கும். மரமும் இயற்கை செய்த நார்க் கூட்டுப்பொருள் என்பதால் வந்த ஒற்றுமை இது. இக்குறையைப் போக்க நார்ப் பாய்களையும் சேர்த்து இழுப்பார்கள்.

நமது தும்பை இழுக்கலாமா?

உலகச் சந்தைக்குத் தென்னந்தும்பு அனுப்பும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. கண்ணாடி நாருக்குப் பதிலாகத் தும்பைப் பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால் நான் மகிழ்வேன். தாவர நார்கள் 200 பாகை செல்சியஸை அண்மித்ததும் கருகத் தொடங்கும். ஆகவே 220 பாகையில் உருகும் நைலோன் 6 பொருந்தாது. 165 பாகையில் உருகும் பொலிபுரொப்பிலீன் பொருந்தும். அடுத்த தடை நீளம். தும்பின் நார் குட்டையானது, இயந்திரத்துக்கோ முடிவில்லாத நார் வேண்டும். எனவே முதலில் நூலாகத் திரிக்க வேண்டும். ஆளி எனப்படும் சணல்வகை நாரையும் பொலிபுரொப்பிலீனையும் ஒரே நூலாக்கிப் புல்ட்ரூஷன் முறையில் தடி இழுத்த ஆய்வு முடிவுகள் 2007இல் வெளிவந்தன. தும்பு ஆளியை விடப் பலம் குறைந்தது, ஆனால் அதிகம் நீளும். எதற்குப் பயன்படும் என்பது இன்னும் திறந்த கேள்வி. 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பத் துறையிலோ, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பதார்த்த விஞ்ஞானத் துறையிலோ சேரப் போகும் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும்.

தலைக்கு மேல் இருக்கும் நார்

இப்போது அஸ்பெஸ்டஸுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹட்செக் அஸ்பெஸ்டஸ் நாரையும் சீமெந்தையும் சேர்த்துத் தகடாக்கும் முறையைக் கண்டார். தகட்டில் நார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மிகுதி சீமெந்து. விலை மலிவு, துருப்பிடிக்காது, தகரத்தைப் போல மழையில் காது கிழியச் சத்தமிடாது. இலங்கை முழுவதும் பரவியது. நமது லயங்கள் சிலவற்றின் கூரையிலும் ஏறியது.

நார் மெலிந்தால் பலம் என்று முன்னர் படித்தோம். அந்த மெலிவே இங்கு எமனாகிறது. 5 மைக்ரோமீற்றரிலும் நீளமாகவும் 3 மைக்ரோமீற்றரிலும் மெல்லியதாகவும் உள்ள நார்கள் மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. கண்ணாடி நார் 10 மைக்ரோமீற்றரிலும் தடித்தது, தோலை அரிக்கச் செய்யும், ஆனால் அவ்வளவு ஆழம் போகாது. அஸ்பெஸ்டஸ் நாரோ நீள வாட்டில் பிளந்து பிளந்து மெலிந்து கொண்டே போகும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்ற முதலாம் தொகுதியில் வைத்துள்ளது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. நமது பெரிய தேயிலைச் சந்தைகளில் ரஷ்யாவும் ஒன்று. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு பிற்போடப்பட்டது. மாதம் முடியும் முன் தேயிலைத் தடையும் நீங்கியது. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் வண்டுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் எழுதின. நம் தாய்மார் பறிக்கும் கொழுந்தும் நம் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒரே பேச்சுவார்த்தை மேசைக்கு வந்த அந்த இரண்டு வாரத்தை நான் மறக்கவில்லை.

ஐரோப்பாவில் அஸ்பெஸ்டஸுக்குப் பதிலாகப் பொலிவைனைல் அற்ககோல் நாரும் தாவர நாரும் சீமெந்தில் சேர்க்கப்படுகின்றன. பிணைபொருள் அதே சீமெந்து, நார் மட்டும் மாறியது. உங்கள் வீட்டில் அஸ்பெஸ்டஸ் கூரை இருந்தால் உடனே பயந்து பிடுங்க வேண்டாம், உடையாத தகட்டிலிருந்து நார் எளிதில் பறக்காது. அதில் துளையிடுவது, வாளால் அறுப்பது, காய்ந்த நிலையில் தேய்த்துக் கழுவுவது, உடைந்த துண்டை நொறுக்கி முற்றத்தில் போடுவது ஆகியவையே ஆபத்தானவை. துண்டைத் தொட நேர்ந்தால் நனைத்த பின் தொடுங்கள்.

பழைய கூட்டுப்பொருளை எங்கே போடுவது என்ற பிரச்சினை கண்ணாடி நாருக்கும் உண்டு. வெப்பமிறுக்கும் ரெசினால் செய்த காற்றாலை அலகுகளை உருக்க முடியாததால் சில நாடுகளில் மண்ணில் புதைத்தார்கள். 2022இல் ஸ்பெயினில், மீளப் பயன்படுத்தக்கூடிய வெப்பமிளக்கும் ரெசினால் 62 மீற்றர் நீள அலகொன்றைச் செய்து காட்டினார்கள். முட்டையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறும் முயற்சி என்று இதனை நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் புல்ட்ரூஷன் முறையில் செய்ய முடியாதது எது? காரணம் தருக: ஏணியின் பக்கத் தடி, தண்ணீர் வாளி, கூடாரத் தடி.

2. கலப்பிழை நூலைப் பயன்படுத்துவதால் பாகு நுழைய வேண்டிய தூரம் இருபதில் ஒன்றாகக் குறைந்தது. பாகுநிலையும் அமுக்கமும் மாறவில்லை எனின், நனையும் காலம் எத்தனை மடங்கு குறையும்? (விடை: 400. இருபது என எழுதியவர்கள் சூத்திரத்தை மீண்டும் பார்க்கவும்.)

3. கனவளவில் 40 வீதம் கண்ணாடி நாரும் 60 வீதம் பொலிபுரொப்பிலீனும் உள்ள தடியின் நீளப் பக்க யங்கின் மட்டைக் காண்க. (விடை: 29.7 கிகாபஸ்கால்.)

4. தும்பு நாருடன் நைலோன் 6ஐச் சேர்த்து இழுக்க ஒரு மாணவன் முன்மொழிகிறான். வெப்பநிலைகளைக் குறிப்பிட்டு உமது கருத்தை எழுதுக.

5. உங்கள் லயத்தின் கூரை, சுவர், கதவு ஆகியவற்றுள் கூட்டுப்பொருள்கள் எவை? ஒவ்வொன்றிலும் நார் எது, பிணைபொருள் எது எனக் குறிப்பிடுக. இந்த வினாவுக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்து விட்டு விடை எழுதவும்.